தவம் அண்ணையின் பதினெட்டு நிமிடங்கள்

சென்ற மாதம் ஜெர்மனியின் எசன் நகரில் நடந்த பட்டிமன்றத்தில் என் அணி வென்றது. மண்டபத்தைவிட்டு வெளியேறும்போது, நிகழ்ச்சியை நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்த குழுவைச் சேர்ந்த பெண்ணொருத்தி, முக்காலியை மடக்கியபடியே கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் முந்தி யசோ அக்காவின்ரை ஸ்ரூடியோவிலை டிவிடி செய்தனீங்களாம். அவ்வளவு தெரிஞ்ச ஆள் ஏன் விட்டனீங்கள்?"

"இப்ப ஆர் பிள்ளை டிவிடி பாக்கினம்?" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே நழுவினேன்.

எதிரணி எழுப்பக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று மறுமொழிகளோடு மேடையேறுபவன் நான். பதின்மூன்று வயதிலிருந்து பேச்சுப்போட்டிகளில் நின்றவன். முதற்பரிசைத் தவிர வேறொன்றோடு வீடு திரும்பிய நாள்கள் மிகச் சில. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது விடையுமல்ல. உண்மையான விடை நீளமானது. எட்டாவது நிமிடத்தில் மணியடிக்கும் மேடையில் அடங்காதது. ஆகவே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். உரியவர்களிடம் கேட்டே எழுதுகிறேன்.

எனக்கு வயது முப்பத்தாறு. ஓய்வுபெற்றவன் என்று சொன்னால் நகைப்பார்கள். ஆயினும் ஒரு தொழிலில் பத்தாண்டுகள் நின்று, அதைவிட்டு விலகி, இனி அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று தீர்மானித்தவனுக்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

யசோ அக்காவின் கலையகம் எசனில் ஒரு பின்முற்றக் கட்டடத்தின் முதலாம் மாடியில் இருந்தது. கீழே கார்க் கண்ணாடி மாற்றும் கடை. அவர் ஒரு ஜெர்மானியத் தொலைக்காட்சிப் பட்டறையில் முறையாக அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி முடித்தவர். பின்னர் தனியாகத் தொழில் தொடங்கியவர். கலியாணம், சாமத்தியவீடு, நடன அரங்கேற்றம், செத்தவீடு என்று எங்கள் மக்களின் வாழ்வில் நடப்பவை யாவும் அந்த இரண்டு அறைகளுக்குள் நாடாக்களாக வந்து, இறுவட்டுகளாக வெளியேறின. நான் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு அங்கே சேர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டுகளும் நாடாக்களைக் கணினியில் ஏற்றுவதிலும் உறைகளுக்குப் பெயர் ஒட்டுவதிலும் கழிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

யசோ அக்காவின் போக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. பிழைகளை அவர் நேரக்குறிப்பாகவே சொல்வார். "இருபத்திரண்டு பதினாலு" என்பார். இருபத்திரண்டாம் நிமிடம் பதினான்காம் வினாடியில் பிழை இருக்கிறது என்று பொருள். என்ன பிழை என்று சொல்லமாட்டார். நான் போய்ப் பார்த்துத் திருத்திக்கொண்டு வரவேண்டும். ஒருமுறை என் மேடைப்பேச்சைக் கேட்க வந்திருந்தார். எப்படியிருந்தது என்று ஆவலோடு கேட்டேன்.

"நல்லாக் கதைச்சனீர். ஆறு இருபதிலை முடிச்சிருக்கலாம்" என்றார்.

இறுவட்டுத் தயாரிப்பில் வரும் கோளாறுகளைப் பலரும் மர்மம்போல் பேசினார்கள். அவற்றில் மர்மமில்லை. கனடாவிலிருந்து வந்த சித்தப்பா எடுத்த படத்தில் ஒரு வினாடிக்கு முப்பது சட்டங்கள், அதாவது தனித்தனி நிலைப்படங்கள், இருக்கும். இங்கே எடுத்ததில் இருபத்தைந்து. இரண்டையும் அப்படியே கலந்தால் மாப்பிள்ளை விக்கி விக்கி நடப்பார். ஒரு சட்டத்தின் இரண்டு பாதிகளில் எது முதலில் என்பதைக் கணினிக்குத் தவறாகச் சொல்லிவிட்டால், பொம்பிளை தலையைத் திருப்பும் போதெல்லாம் முகத்தின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழியும். நான்கு மணி நேரக் கலியாணத்தை ஒரே வட்டில் அடக்குமாறு கேட்பவர்களுக்கு, ஐயர் ஓமம் வளர்க்கும் இடத்தில் நெருப்பு கட்டங்கட்டமாகச் சிதறும். நெருப்பும் அறுகரிசியும் ஒரு கணமும் ஒரேமாதிரி இருப்பதில்லை. சுருக்குவதற்கு அங்கே எதுவும் கிடைக்காமல் கணினி திணறும். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்துண்டு. விரைவில் எனக்கு எல்லா மருந்துகளும் தெரிந்திருந்தன. தெரியும் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது.

யசோ அக்காவின் ஒழுங்குகள் மூன்று. வந்த நாடாவை முதலில் கமராவிலிருந்தோ உறையிலிருந்தோ வெளியே எடுத்து, மேலே எதுவும் பதியாதபடி அதன் சிறு பூட்டைத் தள்ளிவிடவேண்டும். வாடிக்கையாளர் வட்டைப் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை, நாடாவிலிருந்து கணினியில் ஏற்றிய மூலப்பதிவை அழிக்கக்கூடாது. மூன்றாவதைத்தான் நான் வெறுத்தேன்: முடிந்த வட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தே தீரவேண்டும். அதற்கென்றே சந்தையில் மிக மலிவான வட்டு இயக்கியொன்றையும் பெட்டித் தொலைக்காட்சியொன்றையும் மூலையில் வைத்திருந்தார். மலிவான இயக்கியில் ஓடினால் எங்கும் ஓடும். அங்கே உட்கார்ந்து, பேசுபவர்களின் வாயைப் பார்ப்பார். பகரமும் மகரமும் வரும்போது உதடுகள் மூடவேண்டும். உதடு மூடும் கணமும் ஒலி கேட்கும் கணமும் விலகினால், நேரத்தை ஒரு தாளில் குறிப்பார்.

மூன்று மணி நேரக் கலியாணத்தை மூன்று மணி நேரமும் பார்ப்பது பயித்தியக்காரத்தனம் என்று நான் வாதிட்டேன். தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் பார்த்தால் போதும் என்பதற்கு ஐந்து காரணங்கள் அடுக்கினேன்.

"நீர் வெண்டிட்டீர்" என்றார் யசோ அக்கா. "இப்ப இருந்து முழுக்கப் பாரும்."

மங்கை அக்கா வந்தது இத்தகைய ஆண்டுகளில் ஒன்றில். கொலோனிலிருந்து தொடருந்தில் வந்திருந்தார். பாண் வாங்கும் துணிப்பைக்குள் துவாயால் சுற்றிய சிறு கமரா ஒன்று இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, கையை அதன்மேலேயே வைத்திருந்தார்.

அவருடைய கணவர் தவம் அண்ணை தொண்டைப் புற்றுநோயால் இறந்து ஓராண்டு கடந்திருந்தது. ஆட்டைத் திவசம் முடிந்தபின் மகள் ஆரணியின் கலியாணத்துக்கு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் மூன்று கிழமைகள்.

"கலியாணத்தண்டு மண்டபத்திலை போடச் சொல்லிப் பிள்ளைக்குக் கதைச்சு வைச்சிருக்கிறார்" என்றார் மங்கை அக்கா. "நாடா உதுக்குள்ளையே கிடக்குது. அவர் வைச்சது வைச்சபடி."

"நீங்கள் பாத்தனீங்களோ அக்கா?" என்று கேட்டார் யசோ அக்கா.

"இல்லை. ஏலாமல் கிடந்தது. நான் பக்கத்திலை நிண்டனான்தானே." கமராவைச் சற்று முன்னுக்குத் தள்ளி, "அவள் பாக்கவேணும். அவள் அந்த நேரம் பேர்லினிலை. சோதினை முடியுமட்டும் வரவேண்டாமெண்டு அவர்தான் சொன்னவர். ஃபோனிலை நான்தான் கதைக்கிறது, அப்பா சுகமா இருக்கிறார் எண்டு. சோதினை முடியமுன்னம் ஆள் போயிட்டார்" என்றார்.

மகள் தந்தையின் இறுதி மாதங்களைக் கண்டதில்லை. அந்த நாடாதான் அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி. மங்கை அக்கா எங்களிடம் ஒப்படைத்தது அதைத்தான்.

மறுநாள் யசோ அக்கா பாரிசுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே அவருடைய தங்கைக்குச் சத்திரசிகிச்சை. பத்து நாள்களில் திரும்புவதாகச் சொன்னார்.

"கீதன், மங்கை அக்காவின்ரை நாடாவை ஏத்தி மட்டும் வையும். வேறை ஒண்டும் செய்ய வேண்டாம். நான் வந்து பாக்கிறன்."

"ஓம் அக்கா."

கமராவின் சிறுதிரையைப் பார்த்தேன். நாடாவை மெதுவாக ஓடவிட்டு அதிக நேரம் பதியும் முறையில் தவம் அண்ணை எடுத்திருந்தார். அப்படி எடுத்ததை எடுத்த கமராவே ஒழுங்காகப் படிக்கும். நாடா படிக்கும் எங்களுடைய பெரிய இயந்திரத்தில் போட்டால் படம் உடையும். எனவே நாடாவை வெளியே எடுக்காமல் கமராவையே கம்பியால் கணினியோடு இணைத்தேன். வெளியே எடுக்காததால் பூட்டையும் தள்ளவில்லை. நாற்பத்தேழு நிமிடங்கள் ஏறவேண்டும். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த கிழமைப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். திரும்பி வந்தபோது ஏறி முடிந்திருந்தது. வழக்கம்போல நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றி, கமராவுக்குள்ளேயே விட்டுவைத்தேன்.

அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் நிமிடத்தில் உதடும் ஒலியும் சேர்ந்திருந்தன. கடைசியில் தவம் அண்ணை வாயை மூடி ஏறக்குறைய இரண்டு வினாடிகள் கழித்தே குரல் வந்தது. கமராவின் ஒலி தாழ்ந்த தரத்தில் பதிவாகியிருந்தது. வட்டுக்கு வேண்டிய தரத்துக்கு மாற்றும்போது அது படத்தைவிட்டு விலகியிருந்தது. ஒரே சீராக விலகியிருந்தால் ஒலியை ஒரே விகிதத்தில் இழுத்துச் சரிசெய்யலாம். இது சீராக விலகவில்லை. நாடா பழுதுபட்ட இடங்களில் சட்டங்கள் விடுபட்டிருந்தன. ஒவ்வொரு விடுபடலிலும் விலகல் ஒரு படி கூடியது. துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியே பொருத்தவேண்டும். யசோ அக்கா செய்திருந்தால் நான்கு நாள் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு வேறொரு வழி தோன்றியது. அதைக் கண்டுபிடித்த பெருமை இன்றும் நினைவிருக்கிறது. கணினியில் ஒலி ஒரு கோடாகத் தெரியும். பேச்சு வரும் இடத்தில் மலைபோல் எழும், மௌனத்தில் தட்டையாகும். தவம் அண்ணையின் கோட்டில் மலைகள் குறைவு, சமவெளிகள் அதிகம். நான்கு சொல், பிறகு நீண்ட தட்டை. ஓர் இருமல், மறுபடியும் தட்டை. தட்டையான இடங்களைப் படத்தோடு சேர்த்து வெட்டியெறிந்து, பேச்சுத் துண்டுகளை மட்டும் உதட்டோடு பொருத்தி ஒட்டினால், விலகலும் ஒழியும், பேச்சும் மேடைக்கு ஏற்றதாகும்.

மேடையில் மௌனம் என்பது மறதி. மறதி என்பது தோல்வி. அந்தப் பயிற்சியில் வளர்ந்தவன் நான். நோயாளி ஒருவருக்கு நான் நல்ல பேச்சொன்றைக் கொடையாகத் தருகிறேன் என்றே மெய்யாக நம்பினேன்.

படச்சாளரத்தைச் சிறிதாக்கி ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, கோட்டைத் திரைமுழுதும் விரித்துக்கொண்டேன். பேச்சைப் பொருத்தும்போது மட்டும் சாளரத்தில் உதட்டைப் பார்த்தேன். மூன்று நாள்கள் வெட்டினேன். முகம் துள்ளாமலிருக்க ஒவ்வொரு வெட்டிலும் ஒரு படத்தை மற்றொன்றில் மெல்லக் கரையவிட்டேன். நாற்பத்தேழு நிமிடங்கள் இருபத்தொன்பதாயின. அப்போது டோட்மண்டிலிருந்து மூன்று மணி நேரக் கலியாணமொன்று ஏற்றுவதற்கு வந்தது, வன்தட்டில் இடமில்லை. தவம் அண்ணையின் மூலப்பதிவை அழித்தேன். நாடாதான் கையில் இருக்கிறதே என்று எண்ணினேன்.

அந்தக் கிழமை மங்கை அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, சனிக்கிழமை பலகாரச்சூடு. வாறியளோ எடுக்க? அவரின்ரை கமராவையும் கொண்டுவாங்கோ. அதிலையே எடுங்கோ. அவர் நிண்டிருந்தா அவர்தானே எடுத்திருப்பார்."

கலியாணத்துக்கு முன் நல்ல நேரம் பார்த்து, பெண்வீட்டில் உறவினர்கள் கூடி எண்ணெய் கொதிக்கவைத்துப் பலகாரம் சுடுவது எங்கள் வழக்கம். கொலோனில் மங்கை அக்காவின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. நான் கதவைத் தட்டும்போதே உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள்.

"தம்பி, என்னை மெல்லிசா எடும்" என்றார் மங்கை அக்காவின் மச்சாள்.

"அதுக்கு இன்னும் கமரா வரேல்லையடி" என்றார் இன்னொருவர்.

"உம்மடை வாய்க்கு வந்திருக்குதோ?"

சிரிப்பு அடங்குமுன் யாரோ கூவினார்: "நல்ல நேரம் முடியப்போகுது! தாச்சியை வையுங்கோ! தம்பி, பார்த்துக்கொண்டு நிக்காமல் எடும்!"

என் சட்டைப்பையில் புதிய நாடாக்கள் இரண்டு உறை பிரிக்காமல் இருந்தன. நான் கமராவைத் திறக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். தாச்சியை மச்சாள் அடுப்பில் வைத்தார். கணவனை இழந்தவர் என்பதால் மங்கை அக்கா முன்னுக்கு வரவில்லை. குசினிக் கதவோரம் நின்று, தாச்சியைப் பார்க்காமல் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயித்தம் பணியாரமும் முறுக்கும் முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. நான் நன்றாகவே எடுத்தேன்.

எசன் திரும்பும் தொடருந்தில், கமராவின் மூடியைத் திறந்து நாடாவை எடுத்தேன். முதுகில் நீலப் பேனாவால், கோணிய எழுத்தில் "ஆரணிக்கு" என்று எழுதியிருந்தது.

தொடருந்து அடுத்த நிலையத்தில் நின்று புறப்படும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு நானே வாதாடத் தொடங்கினேன். வாதாடுவதில் நான் தேர்ந்தவன். பேச்சு முழுவதும் என்னிடம் இருக்கிறது. ஒரு சொல்லும் போகவில்லை. போனது வெறும் மௌனம். மௌனத்தைத் தேடி யார் வருவார்? எசன் வந்து இறங்கியபோது நான் வென்றிருந்தேன். எவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முற்பகல் யசோ அக்கா பாரிசிலிருந்து வந்து பையைக் கீழே வைத்த அரை மணி நேரத்தில், மங்கை அக்கா குறித்திருந்த தெர்மின் நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். மூவரும் மூலைத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். நான் வட்டை இட்டேன்.

தவம் அண்ணை பேசினார். குரல் கரகரத்தது, ஆனால் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பகரத்திலும் மகரத்திலும் உதடுகள் சரியாக மூடின. நான் யசோ அக்காவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தாளில் எதையும் குறிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

மூன்றாம் நிமிடத்தில் மங்கை அக்கா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இதென்ன இவர் இப்பிடி ஓடிக் கதைக்கிறார்?"

நான் வாயைத் திறந்தேன். யசோ அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீர் கதையாதையும்."

ஐந்தாம் நிமிடத்தில் மங்கை அக்கா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். குனிந்து, படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இதிலை நான் தண்ணி குடுத்தனான். கரண்டியாலை. ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் குடுக்கவேணும், இல்லாட்டி அவருக்குக் கதைக்க ஏலாது. காணும் எண்டு என்ரை கையைப் பிடிப்பார். எத்தினை தரம் பிடிச்சவர்." அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "என்ரை கை எங்கை?"

யசோ அக்கா படத்தை நிறுத்தினார்.

"மூலப்பதிவு எங்கை கீதன்?"

"அழிச்சிட்டன்."

"நாடா?"

எடுத்துக் கொடுத்தேன். அவர் முதுகிலிருந்த எழுத்தை வாசித்தார். பூட்டு திறந்திருப்பதைப் பார்த்தார். கமராவில் இட்டு ஓடவிட்டார். திரையில் பெண்கள் சிரித்தார்கள். "என்னை மெல்லிசா எடும்" என்றார் மச்சாள். யசோ அக்கா முன்னோக்கி ஓட்டினார். எண்ணெய், முறுக்கு, கதவோரம் நின்ற மங்கை அக்கா. நாற்பத்தேழாம் நிமிடத்தையும் தாண்டி அவர்கள் சிரித்துக்கொண்டேயிருந்தார்கள்.

"அக்கா" என்றார் யசோ அக்கா, மங்கை அக்காவின் பக்கம் முழுவதாகத் திரும்பி. "இது எங்கடை பிழை. திருத்த ஏலாது. ஒருக்கா எடுத்ததுக்கு மேலை திருப்பி எடுத்தா கீழை இருந்தது போனதுதான். வேறை ஆரும் ஏலும் எண்டு சொன்னா நம்பாதையுங்கோ."

மங்கை அக்கா அழவில்லை. என்னைத் திட்டவுமில்லை. அந்தக் கதிரையில் மறுபடி உட்கார்ந்து, "நான்தானே தம்பி அதிலை எடுக்கச் சொன்னனான்" என்றார். அன்று எனக்குக் கிடைத்த தண்டனை அந்த ஒரு வாக்கியம்.

யசோ அக்கா வன்தட்டைக் கழற்றி, அழிந்தவற்றைத் தேடும் மென்பொருளை இரண்டு நாள்கள் ஓடவிட்டார். டோட்மண்ட் கலியாணம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. பதினொரு வினாடி கிடைத்தது. ஒரு வெறுங்கதிரை, பின்னால் யன்னல்சீலை, படத்துக்கு வெளியே மங்கை அக்காவின் குரல்: "சிவப்பு எரியுது, வந்து இருங்கோ." அவர் வந்து உட்காருமுன் முடிந்துவிடும். அந்தப் பதினொரு வினாடியை யசோ அக்கா தனி வட்டில் பதிந்து கொடுத்தார். மங்கை அக்கா வாங்கிக்கொண்டார்.

கலியாணத்தன்று இருபத்தொன்பது நிமிட வட்டைத்தான் போட்டார்கள். வேறொன்று இல்லை. ஐந்நூறு பேர் அமர்ந்த மண்டபம் அசையாமல் கேட்டது. முடிந்ததும் கைதட்டினார்கள். "என்ன தெளிவான பேச்சு" என்று என் அருகிலிருந்தவர் கண்ணைத் துடைத்தார். மேடையில் ஏறிப் பேசிய இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட மிகப் பெரிய கைதட்டல்களில் அதுவும் ஒன்று. அது என் வெட்டுக்குக் கிடைத்தது.

மேடையிலிருந்து இறங்கிய ஆரணி, மணமாலையோடு, தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, தாங்க்ஸ். அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாரோ, நான் வராமல் விட்டிட்டனே எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறனான். இப்ப பாத்தாப் பிறகு நிம்மதி. அவர் நல்லாத்தான் இருந்திருக்கிறார், என்னம்மா?"

மங்கை அக்கா மகளின் மாலையில் சிக்கியிருந்த ஒரு நூலை எடுத்துவிட்டார்.

"ஓம் பிள்ளை" என்றார்.

கொடிய மாதங்களைத் தனியே கண்ட ஒரே சாட்சி அவர். அந்தச் சாட்சியத்துக்கு இருந்த ஒரே ஆதாரத்தை நான் வெட்டியிருந்தேன். இனி அவர் உண்மையைச் சொன்னால், படம் அவருக்கு எதிராகப் பேசும்.

யசோ அக்கா என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மறுநாள் ஒரு சாமத்தியவீட்டு வட்டைத் தந்து, "முழுக்கப் பாரும்" என்றார், எப்போதும்போல. அதன்பின் மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன். ஒரு வட்டையும் முழுதாகப் பார்க்காமல் கொடுத்ததில்லை. அதனால் எதுவும் ஈடாகிவிட்டதாக நான் கருதவில்லை, வாசிப்பவர்களும் கருதவேண்டாம்.

தொழிலை விட்டது ஒரு ஞாயிறு முற்பகலில் வந்த அழைப்புக்குப் பிறகு. மங்கை அக்கா பேசினார்.

"தம்பி, பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன்."

"எதை அக்கா?"

"எல்லாத்தையும். அண்டைக்கு ஆரோ வீட்டுக்கு வந்தவையிட்டை, அப்பா வலியில்லாமல் சுகமாப் போனவர் எண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஏலாமல் போட்டுது. வந்தவை போனாப் பிறகு சொன்னன். முதல் என்னோடை சண்டை. பிறகு அழுகை. பிறகு டிவிடியைப் போட்டிட்டு, எங்கை எங்கை வெட்டினது, அதுக்குள்ளை என்ன இருந்தது, ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ எண்டு இருந்திட்டாள்."

"சொன்னீங்களோ?"

"சொன்னன். இதிலை தண்ணி குடுத்தது, இதிலை இருமினவர், இதிலை களைச்சுப்போய்க் கண்ணை மூடினவர் எண்டு. கனக்கச் சொல்லிப்போட்டன். ஒரு இடத்திலைதான்... இருபத்தோராம் நிமிசத்திலை, 'உன்ரை அம்மா' எண்டு தொடங்கிறார். பிறகு உடனை, 'சரி, அதை விடு' எண்டு வருது. நடுவிலை என்ன எண்டு அவள் கேக்கிறாள். நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன் தம்பி, வருகுதில்லை. என்னைப் பாத்தவரோ, கையாலை ஏதும் காட்டினவரோ, அழுதவரோ. அந்த நேரம் நான் தண்ணியைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பன் போலை. நீங்கள் முழுசா வைச்சிருந்த ஆள்தானே. உங்களுக்கு ஞாபகமிருக்கும். அதிலை என்ன செய்தவர்?"

வெட்டுக்குறிப்புகளின் கோப்பு என்னிடம் இன்னும் இருந்தது. அழைப்பிலேயே அவரை நிறுத்திவைத்துக் கணினியைத் திறந்தேன். இருபத்தோராம் நிமிடம். "உன்ரை அம்மா" என்பதற்கும் "சரி" என்பதற்கும் இடையே நான் எடுத்தெறிந்தது முப்பத்தெட்டு வினாடிகள். அந்த எண் என்னிடம் இருந்தது. நாடா ஏறும்போது நான் அடுத்த அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டும்போது கோட்டைப் பார்த்து வெட்டினேன்.

"முப்பத்தெட்டு செக்கன் அக்கா" என்றேன்.

"ஓம். அதிலை என்ன?"

"தெரியாது. வெட்டினதிலை நான் படத்தைப் பாக்கேல்லை."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் இல்லை."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. பின்னால், கொலோனில் அந்த அறையில், "என்னவாம் அம்மா?" என்று ஆரணி கேட்பது எனக்குக் கேட்டது.